பூவரசங் கதிரைக்கை

நான் தச்சன் அல்ல. பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறவன். லீவு நாட்களில் மரத்தோடு மல்லுக்கட்டுகிறவன். வளைவு என்றால் எனக்குப் பைத்தியம். காகிதத்தில் வரைந்து, பலகையில் ஒட்டி, மின்வாளால் கோடு பிசகாமல் அறுத்து, அரத்தால் ராவி, கடைசியில் உடைந்த கண்ணாடித் துண்டால் சுரண்டி வழவழப்பாக்கிவிட்டால், வீட்டுக்கு வருகிற எல்லோரையும் தடவிப் பார்க்கச் சொல்லுவேன். அந்த மண்டைக்கனம்தான் என்னைக் கெடுத்தது.

மனைவியின் தமக்கைக்கு முழங்காலில் சத்திரசிகிச்சை நடந்தது. சண்டிலிப்பாயில் தனியே இருக்கிறவர். யாராவது வந்து தூக்கிவிடட்டும் என்று காத்திருக்க அவருக்குப் பிடிக்காது. இரண்டு பக்கமும் கை ஊன்றித் தானே எழும்பக்கூடிய கதிரை ஒன்று வேண்டும் என்றார். அதற்காகவே தன் வேலிப் பூவரசில், முழங்கையை மடித்ததுபோல் வளைந்து வளர்ந்த இரண்டு கொம்புகளை வெட்டுவித்து வைத்திருந்தார். அந்தப் பூவரசை ஒரு கதியால் கொம்பாக வேலியில் ஊன்றியவர் காலமான அவருடைய கணவர்.

கொம்புகளை மோட்டார் சைக்கிளில் கட்டி என் கொழும்புத்துறை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பச்சை மரம், காய ஒரு வருடமாவது வேண்டும். என் காகித வளைவுக்கும் அடங்காது. நான் மரவேலை செய்கிற கொட்டிலுக்குப் பின்னால் தாழ்வாரத்தில் சாத்திவிட்டு, நேரான தேக்கம் பலகையில் கதிரையின் கைகளை அறுத்தேன். நேரான பலகையில் வளைவை அறுத்தால், வளைகிற இடத்தில் நார் குறுக்கே வெட்டுப்படும். அங்கே பலம் இராது. இது எனக்குத் தெரியாததல்ல. பார்க்க வடிவாக இருந்ததால் தெரியாதவன்போல் இருந்துவிட்டேன்.

கதிரையைக் கொடுத்த அன்று, "இது என்ரை மரம்தானே?" என்று தடவிக்கொண்டே கேட்டார். "ஓம் மச்சாள்" என்றேன். கொஞ்சம்கூட யோசிக்கவில்லை. அதன்பிறகு வருகிறவர்களுக்கெல்லாம் தேத்தண்ணி கொடுக்க முதலே அந்தக் கைகளைத்தான் காட்டுவாராம்.

ஒன்றரை வருடத்தில் கதிரையின் இடது கை வளைவிலேயே முறிந்தது. எழும்பும்போது முறிந்ததால் மச்சாள் பக்கவாட்டில் விழுந்து, மணிக்கட்டு வீங்கிவிட்டது. பதறிக்கொண்டு போனேன். கட்டுப் போட்ட கையோடு கட்டிலில் இருந்தவர், என்னவோ தானே குற்றம் செய்தவர்போல் கதைக்கத் தொடங்கினார்.

"உங்களிலை பிழையில்லைத் தம்பி. வேலி மரத்திலை செய்யச் சொல்லி நான்தான் பிடிவாதம் பிடிச்சனான். இந்தமுறை நல்ல தேக்கிலை செய்து தாங்கோ."

முறிந்த துண்டு என் கையில் இருந்தது. முறிவில், வார்னிஷின் கருமைக்கு உள்ளே, பூவரசின் கருஞ்சிவப்பு இல்லை, தேக்கின் மஞ்சள் நிறம் தெரிந்தது. அவர் பார்க்கமுதல் அதைப் பைக்குள் வைத்துக்கொண்டு, மறுபடியும் "ஓம்" என்றேன். முதல் ஓமைவிட இது கேவலமானது. செத்துப்போன மனிதர் ஊன்றிய மரத்தின்மேல் என் பிழையைப் போட்டுவிட்டேன். அன்று வீட்டில் மனைவியின் முகத்தைப் பார்க்கவும் கூசியது.

கதிரையை வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்துவிட்டு, கொட்டிலுக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். எரிக்க மனம் வராமல் விட்ட கொம்புகள் நன்றாகக் காய்ந்திருந்தன. காகிதம் ஒட்டவில்லை. நார் போன போக்கிலேயே சீவி, இரண்டு கைகளையும் செய்து, பழையபடி வார்னிஷ் பூசிப் பூட்டினேன். ஒன்றுக்கொன்று அச்சொட்டாகப் பொருந்தவில்லை. சுரண்டியபோது கண்ணாடித் துண்டு விரலையும் வெட்டியிருந்தது. எனக்கு அதுவும் வேணும் என்று நினைத்தேன்.

மணிக்கட்டு சுகமானதும் கதிரையைக் கொண்டுபோனேன். உண்மையைச் சொல்லிவிடத்தான் போனேன். சொல்ல வேண்டியதை வழி முழுக்கப் பாடமாக்கினேன். அவர் கதிரையில் இருந்தார், கை ஊன்றி எழும்பினார், இருந்தார், மறுபடியும் எழும்பினார். முகம் மலர்ந்துவிட்டது.

"தேக்கெண்டால் தேக்குத்தான் தம்பி. அந்தப் பூவரசை நேற்றுத் தறிப்பிச்சுப்போட்டன். முறியிற மரம், ஆரின்ரையும் தலையிலை விழுந்தாலும் விழும்."

வரும்போது வேலியில் ஒரு இடைவெளியைப் புதுத் தகரம் ஒன்று அடைத்து நின்றதைக் கண்டிருந்தேன். ஏன் என்று யோசிக்கவில்லை. அவர் தேத்தண்ணி கொண்டுவந்து தந்தார். தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, போயிட்டு வாறன் என்று சொல்லி எழும்பினேன்.