பகல் தூக்கத்தில் புறப்பட்டோம்

இன்று காலை என் கணவர் கார் நிக்கோபார் தீவுக்குப் போகும் கப்பலுக்குக் கிளம்பினார். எஞ்சின் அறையில் வேலை. போனால் திரும்ப நாலைந்து நாளாகும். எங்கள் தீவு ஊரான கராச்சர்மாவில் ஐந்து மணிக்கே ஜன்னலில் வெளிச்சம் வந்துவிடும் என்பதால் விளக்குப் போடாமலே பையைக் கட்டினோம். நான்கு வயது மகள் ஆன்சி கட்டிலில் கிடந்தாள். சளிக்கு நெஞ்சில் தடவிய யூகலிப்டஸ் தைலம் அறை முழுக்க மணத்தது. அவர் குனிந்து நெற்றியில் முத்தம் வைத்துவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, திருடன் மாதிரி வெளியே போனார். எப்போதும் அப்படித்தான். பார்த்தால் அழுவாள்.

நான் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

சொன்னால் சிரிப்பீர்கள். பிள்ளை பிறந்ததிலிருந்து, அவள் தூங்கும்போது மூக்கின் கீழே விரல் வைத்து மூச்சு வருகிறதா என்று பார்ப்பது என் வழக்கம். போதாததற்கு என் விரலில்தான் உணர்ச்சி இல்லையோ என்று அடுத்த கை விரலையும் வைத்துப் பார்ப்பேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: நிஜமாகத் தூங்கும் குழந்தைக்கு வாய் கொஞ்சம் திறந்திருக்கும். ஆன்சியின் உதடு இறுக மூடியிருந்தது. சளிக்காய்ச்சலாக இருக்கும், கனவாக இருக்கும் என்று எனக்கே சமாதானம் சொன்னேன். ஆனால் அந்தத் தைல வாசனையும் அந்த உதடும் சேர்ந்து என்னை இலங்கைக்குக் கொண்டுபோய்விட்டன.

கல்யாணத்துக்கு முன்பு எங்கள் பங்குக் கோவிலிலிருந்து ஒரு குழுவாக மலையகத்துக்குப் போனோம். தேயிலைக்கு நடுவே, யூகலிப்டஸ் மரங்களுக்குக் கீழே, கன்னியர்கள் நடத்திய சிறுவர் இல்லம். பாதிப் பிள்ளைகளின் அம்மாக்கள் அரபு நாடுகளில் வீட்டு வேலைக்குப் போயிருந்தார்கள். ஒரு வாரம் நாங்கள் பாட்டு, பைபிள் கதை, விளையாட்டு எல்லாம் நடத்த வேண்டும். தீவில் வளர்ந்தவளுக்கு மலை என்றாலே பயம். அட்டை கடிக்கும் என்று யாரோ சொல்ல, பொட்டலம் பொட்டலமாக உப்பு கட்டிக்கொண்டு போனேன். சென்னை விமான நிலையத்தில் ஓர் அதிகாரி அதைப் பிரித்து முகர்ந்து பார்த்துவிட்டு, என்னையும் ஒரு பார்வை பார்த்தார். கடைசியில் ஒரு அட்டையும் கடிக்கவில்லை.

குழுவில் பாதிப் பேர், வடக்கிலிருந்து எங்கள் தீவில் வந்து குடியேறிய ராஞ்சிக் குடும்பத்துப் பிள்ளைகள். அவர்களுக்குத் தமிழ் அரைகுறை. அதனால் விளையாட்டு பெரும்பாலும் இந்தியில் நடந்தது. இரண்டாம் நாளே இல்லத்துப் பிள்ளைகள் சாப்பாட்டு மணிக்கு "சலோ சலோ, ஜல்தி" என்று கத்திக்கொண்டு ஓடினார்கள். தர்ஷிகா என்று ஏழு வயதுப் பெண் என்னிடம் கேட்டாள்: "ஒங்க ஊர்ல எல்லாருக்கும் அவசரமாக்கா? எப்ப பார்த்தாலும் ஜல்தி ஜல்தின்றீங்க."

என் தண்ணீர் பாட்டிலைத் தூக்கிவரும் வேலையை அவளே எடுத்துக்கொண்டாள். அங்கே அதைப் போத்தல் என்பார்கள். வேறு பிள்ளை தொட்டால், "அது எங்க அக்காட போத்தல்" என்று பிடுங்கிவிடுவாள்.

கடைசி நாள் இல்லத்துச் சிஸ்டர் எங்களைச் சமையலறைப் பக்கம் கூப்பிட்டுச் சொன்னார். "பகல் சாப்பிட்டு படுப்பாங்கதானே, அந்த நேரம் பார்த்து போயிருங்க. கண்டா அழுவாங்க. பொறகு எங்களால சமாளிக்க ஏலாது." வருகிற குழு எல்லாம் அப்படித்தான் போகுமாம். வேன்கூடச் சத்தம் கேட்காமல் இருக்க இறக்கத்தில் தள்ளி நின்றது.

படுக்கை அறையைக் கடந்துதான் வாசலுக்குப் போக வேண்டும். முன்னால் எங்கள் தலைவி ஸ்டெல்லா டீச்சர் உதட்டில் விரல் வைத்தபடி நடந்தார். பின்னால் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நாங்கள். பாதி அறை கடந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அத்தனை பிள்ளைகள் தூங்கும் இடத்தில் ஓர் இருமல் இல்லை, குறட்டை இல்லை, புரண்டு படுக்கும் சத்தம் இல்லை. எல்லோரும் போர்வையைக் கழுத்துவரை இழுத்து, நேராக, உதட்டை இறுக்கிக்கொண்டு படுத்திருந்தார்கள். ஒரு வாண்டு இரண்டு கையாலும் கண்ணைப் பொத்தியிருந்தது.

வாசலோரப் பாயில் தர்ஷிகா. நான் கடக்கும்போது போர்வைக்குள்ளிருந்து ஒரு கை வெளியே வந்தது. கையில் என் பாட்டில். கண் மூடியே இருந்தது.

"மறந்துட்டீங்கக்கா. தண்ணி நெறச்சி வச்சிருக்கேன்."

வாங்கிக்கொண்டேன். ஏதாவது சொன்னால் அவள் தூக்கம் கலைந்தாக வேண்டும். பின்னால் யாரோ என் முதுகைத் தொட்டு "சலோ, ஜல்தி" என்று கிசுகிசுக்க, மூடிய கண்ணுக்குக் கீழே அவள் உதடு ஒரு கணம் சிரிக்கப் பார்த்தது.

வேனில் ஸ்டெல்லா டீச்சர் சிலுவை போட்டுக்கொண்டார். "மாதாவே, ஒண்ணுகூட முழிக்கல." எல்லோருக்கும் நிம்மதி. நான் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு கொழும்பு வரை வந்தேன். அந்தப் பிள்ளைகள் இப்படித் தூங்கியே எத்தனை குழுக்களை வழியனுப்பியிருப்பார்கள்? இதை முதலில் யாருக்காகப் பழகினார்கள்?

இன்று காலை கேட் சாத்தும் சத்தம் கேட்டதும் ஆன்சி ஒரு கண்ணை மட்டும் திறந்தாள்.

"அப்பா போயாச்சா?"

"போயாச்சும்மா."

"நான் கண்ணத் தொறக்கவே இல்ல," என்றாள். பந்தயத்தில் ஜெயித்தவள் போல.

கப்பல் கடலுக்குள் போனால் சிக்னல் போய்விடும். அதற்குள் அவருக்குப் போன் போட்டேன். "அடுத்த தடவ அவளை எழுப்பிச் சொல்லிட்டுப் போங்க."

"அழுவாளே."

"அழட்டும்."

அந்த இல்லம் இப்போது இல்லை. கன்னியர்கள் போய்விட்டார்கள், கட்டடம் சுற்றுலா விடுதியாகிவிட்டது என்று ஸ்டெல்லா டீச்சர் ஒருமுறை சொன்னார். பிள்ளைகள் எங்கே போனார்கள் என்று அவருக்கும் தெரியவில்லை. பாட்டிலை நான் பிறகொரு நாள் ஹேவ்லாக் தீவுக்குப் போன படகில் மறந்து விட்டுவிட்டு வந்துவிட்டேன். எடுத்துக் கொடுக்க யாரும் இல்லை. தூங்குகிற குழந்தையைப் பார்த்து 'அப்பாடா' என்று எழுந்து போகிற சுகமும் இந்தக் காலையோடு போயிற்று.

இதை எழுதும்போது ஆன்சி பகல் தூக்கத்தில் இருக்கிறாள். வாய் கொஞ்சம் திறந்துதான் இருக்கிறது. அடுப்பில் வேலை கிடக்கிறது. இருந்தும், அவளிடம் சொல்லாமல் எழுந்து போக எனக்குக் கால் வரவில்லை.