மாவு ஊற்றி அணைத்த தீ

சிவகாசிக்குப் பக்கத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் நான் ஃபோர்மேன். புதிதாகச் சேருகிறவர்களுக்குத் தீயைப் பற்றிப் பாடம் எடுப்பதும் என் வேலைதான். அன்று ஞாயிற்றுக்கிழமை. மனைவி மல்லாங்கிணற்றில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தாள். நான் தெருமுனைக் கடை வரை போய்விட்டுத் திரும்பியபோது அடுப்படி ஜன்னல் திரையில் பாதியைக் காணோம். மீதிப் பாதியிலிருந்து இட்லி மாவு சொட்டிக்கொண்டிருந்தது.

மூன்றாம் வகுப்புப் படிக்கும் என் மகள் கிரைண்டரை ஒட்டி உட்கார்ந்திருந்தாள். கையில் எரிந்து முடிந்த கம்பி மத்தாப்பு. கூடப் படிக்கும் பிள்ளை கொடுத்ததாம். கேஸ் அடுப்பில் பற்ற வைத்திருக்கிறாள்.

"மாவ ஊத்தி அமத்திட்டேன்ப்பா," என்றாள்.

என் கை மேலே போனது. அவள் கண்களை இறுக மூடிக்கொண்டாள்.

கம்பெனியில் நான் யாரையும் அதட்டுவதில்லை. நல்ல குணம் என்று சொல்ல முடியாது. அதட்டினால் அடுத்த தப்பை மறைத்துவிடுவார்கள். வெடிமருந்து அறையில் மறைத்த தப்பு ஆளைக் கொன்றுவிடும். இவள் இன்னும் எதையும் மறைக்கவில்லை. கையை இறக்கினேன். இறக்கிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் சிலிண்டரை மூடினேன்.

"எங்கயும் சுட்டுச்சா?"

"இல்ல."

"அப்பா கோவமா இருக்கேன். மொகத்தக் கழுவிட்டு வாரேன். அங்கனயே இரு."

முகம் கழுவும்போதுதான் தெரிந்தது: கோபம் என்று நினைத்ததில் முக்கால்வாசி பயம்.

திரும்பி வந்து, மாவு சிந்தாத இடமாகப் பார்த்து அவள் எதிரே உட்கார்ந்தேன். "ஏன் தாயி செஞ்ச?"

"எல்லாரு வீட்லயும் வெடி போடுறாக. நம்ம வீட்ல மட்டும் கூடாதுங்கீக. ஏன்னு கேட்டா மொறைக்கீக."

உண்மைதான். காரணத்தை நான் சொன்னதே இல்லை. என்னோடு வேலை பார்த்து, வெடிவிபத்தில் இறந்துபோன ஒருவரைப் பற்றி, அவள் தாங்குகிற அளவுக்குச் சொன்னேன்.

"அவுக வீட்ல பிள்ளைக இருக்காகளா?"

"இருக்காக."

அப்போதுதான் அழுதாள்.

இனி அடுப்படிக்குள் தனியாகப் போகக் கூடாது என்றேன். தலையாட்டினாள். தீபாவளிக்கு வாசலில், நானும் பக்கத்தில் நின்று, சேர்ந்து கொளுத்துவோம் என்றும் சொன்னேன். பிறகு இருவரும் சுவரைத் தேய்த்தோம். காய்ந்த மாவு சிமெண்ட் மாதிரி ஒட்டிக்கொள்ளும் என்பது எங்கள் இருவருக்குமே புதுச் செய்தி.

சாயங்காலம் மனைவி வந்ததும் மகளே வாசலுக்குப் போய் நடந்ததையெல்லாம் சொல்லிவிட்டாள். மனைவி அவளைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, எங்கும் காயம் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, காலிப் பாத்திரத்தை எடுத்தாள்.

"அம்புட்டு மாவையுமாடி ஊத்துன?"

"கொஞ்சமா ஊத்தினா அமரலம்மா."

மனைவி என்னைப் பார்த்தாள். பாடம் எடுக்கிறவன் என்கிற முறையில், பிள்ளை சொல்வது சரிதான் என்றேன். அவள் போய் உப்புமாவுக்கு ரவையை வறுக்கத் தொடங்கினாள்.