தறி நின்ற நாளில் கேட்ட பாட்டு

புதிய இசைத்தொகுப்புகளுக்கு விமர்சனம் எழுதத் தொடங்கியபோது நான் இளங்கலை இரண்டாம் ஆண்டில் இருந்தேன். என்னோடு படித்தவர்களும் பாட்டுக் கேட்டார்கள். ஆனால் ஒரு தொகுப்பை முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டுவரை வரிசை மாறாமல் கேட்டுவிட்டு, நான்காவது பாட்டு ஏன் நான்காவதாக இருக்கிறது என்று பேச இந்தத் திருத்தணியில் எனக்கு ஒருவரும் இல்லை. தேடியும் பார்க்கவில்லை, முன்பின் தெரியாதவர்களிடம் பேச்சை ஆரம்பிக்கும் திறமை எனக்கு எப்போதும் குறைவு. அதனால் எழுதினேன். சென்னையிலிருந்து நடத்தப்படும் ஒரு சிறிய இணைய இதழ் மாதந்தோறும் அதை வெளியிட்டது. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஓரெழுத்து மட்டும் போடச் சொல்லியிருந்தேன்.

எங்கள் வீடு பொதட்டூர்பேட்டைக்குப் போகும் சாலையை ஒட்டிய தெருவில் இருக்கிறது. பக்கத்து வீட்டின் முன்னறையில் நான்கு விசைத்தறிகள். காலை ஆறு மணிக்கு ஓடத் தொடங்கினால் இருட்டும்வரை லுங்கி நெய்துகொண்டிருக்கும். அவற்றை நடத்தும் அக்காவிடம் அம்மா தார் சுற்றப் போவாள். குறுக்கே ஓடும் நூலைச் சிறு குச்சிகளில் சுற்றித் தரும் வேலை அது. அப்பா காலை ரயிலில் அரக்கோணம் போனால் இரவுச் சாப்பாட்டுக்குத்தான் வருவார். கல்லூரி ஒன்றரை மணிக்கு முடியும். நான் வந்து பூட்டைத் திறக்கும்போது வீட்டில் யாரும் இருக்க மாட்டார்கள். அந்த மதியங்களே என் கேட்கும் நேரம்.

வலது காதில் மட்டும் இயர்போன் மாட்டிக்கொள்வேன். இடது காது வீட்டுக்கு உரியது. குழாயில் தண்ணீர் வந்தாலோ, அடுப்பில் எதையாவது இறக்கி வைக்க வேண்டியிருந்தாலோ அம்மா சுவருக்கு அப்பாலிருந்து குரல் கொடுப்பாள். கேட்காமல் இருந்துவிட முடியாது. இரண்டு பக்க ஒலியும் ஒரே காதுக்கு வரும்படி கைபேசியில் மாற்றி வைத்திருந்தேன். எதையும் தவறவிடாத ஏற்பாடு என்று அதைப் பற்றி எனக்கு ஒரு சின்னப் பெருமையும் இருந்தது.

அக்கா ஒருநாள் அம்மாவைக் கூப்பிட வந்தவள் இதைப் பார்த்துவிட்டாள்.

"ஒரு காதுல பாட்டு, ஒரு காதுல எங்க தறியா? பலே ஆளும்மா நீ. பாட்டுக்கு மார்க்கு போட்டுகினு கீறியாமே?"

"ஆங், எழுதறங்க்கா."

"எங்க தறிக்கு எவ்ளோ போடுவ?"

"அது பாட்டு இல்லக்கா."

"அப்ப பெயிலா!" என்று சிரித்துக்கொண்டே போனாள். அந்த வாரம் முழுவதும் என்னோடு நீளமாகப் பேசியவள் அவள் ஒருத்திதான் என்பது பிறகுதான் எனக்கு உறைத்தது.

விமர்சனங்களில் நான் கடுமையானவள் என்று பெயர் வாங்கியிருந்தேன். ஒரு திரைப்படத் தொகுப்பைப் பற்றி, அதன் ஆறு பாடல்களும் ஒரே உச்சியை நோக்கி ஓடுகின்றன, வழியில் ஒன்றுகூட நின்று மூச்சு வாங்கவில்லை என்று எழுதினேன். ஆடிக் கிருத்திகைக்கென்று வந்த காவடிப் பாடல்களில் பம்பையை அத்தனை சுத்தமாகப் பதிவு செய்திருந்தார்கள். வெயிலில் மலைப்படி ஏறுகிறவனின் கால் அந்தச் சுத்தத்துக்கு ஆடாது என்றேன். தமிழும் தெலுங்கும் ஒரே வரியில் மாறி மாறி வரும் ஒரு ராப் தொகுப்பு எனக்குப் பிடித்திருந்தது. எங்கள் பேருந்து நிலையத்தில் மக்கள் பேசுவதும் அப்படித்தான். ஆனால் குரலுக்குப் பின்னால் ஓயாத இரைச்சல், பாடகனின் கோபத்தை அது மூழ்கடிக்கிறது என்று குறை சொன்னேன்.

பிறகு அந்தத் தொகுப்பு வந்தது. யாரும் அறியாத ஓர் இளம் பாடகியின் முதல் தொகுப்பு, ஐந்தே பாட்டு. மூன்றாவது பாட்டில் அவள் குரலும் ஒரு தம்புராவும் மட்டுமே முன்னால் இருந்தன. அவற்றின் அடியில், வெகு தொலைவில், நான்கு மெல்லிய அடிகள் ஒன்றோடொன்று சேர்ந்தும் விலகியும் ஓடிக்கொண்டிருந்ததைக் கேட்டேன். தனிமையைப் பாடும் குரலுக்குக் கீழே, அவளுக்கே தெரியாமல் நான்கு பேர் துணைக்கு நடந்து வருவதுபோல் இருந்தது. அதைத்தான் எழுதினேன். நான் யாரையும் அவ்வளவு மனதாரப் பாராட்டியதில்லை.

அந்தக் கட்டுரையைப் பலர் படித்தார்கள். முதலில் கேட்கவில்லை, மூன்றாம் முறை கேட்டது என்று ஒருவர் எழுதினார். நான்கல்ல, ஐந்து அடிகள் என்று இன்னொருவர் அவரோடு வாதாடினார். இதழின் ஆசிரியர் முதன்முறையாகத் தொலைபேசியில் அழைத்தார்.

"ஆண்டு மலர் அச்சுல வருதும்மா. உங்க கட்டுரையத்தான் முதல்ல வைக்கிறோம். இந்தத் தடவையாவது முழுப் பேர் போடலாமா?"

போடலாம் என்றேன். நான் என்ன செய்கிறேன் என்பது அப்பாவுக்குத் தெரியாது. திரையில் இருப்பதை அவர் படிப்பதில்லை. அச்சடித்த ஒன்றை அவர் கையில் கொடுத்தால் நான் விளக்க வேண்டியதே இருக்காது. அவர் ரயிலில் அதைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதையும், மணவூர் தாண்டும்போது பக்கத்தில் இருப்பவரிடம் காட்டுவதையும் பலமுறை கற்பனை செய்தேன். அப்பா அரக்கோணத்திலேயே இறங்கிவிடுவார், மணவூர் அதற்கும் அப்பால் என்பதைக்கூட அந்தக் கற்பனை பொருட்படுத்தவில்லை.

மலருக்குக் கட்டுரையைத் திருத்தி அனுப்ப வேண்டிய நாளுக்கு நான்கு நாள் முன்பு, அந்தப் பாடகியின் கடிதம் ஆசிரியர் வழியாக எனக்கு வந்தது. சிறிய, மரியாதையான கடிதம். பாராட்டுக்கு நன்றி சொல்லியிருந்தாள். மூன்றாவது பாட்டில் தாளம் எதுவும் இல்லை என்றாள். தாளமே வேண்டாம் என்று முடிவு செய்ய ஓராண்டு ஆனதாம். ஓர் அறையில் அவள் மட்டும் உட்கார்ந்து பதிவு செய்ததாம். "நீங்கள் வேறு ஏதாவது பதிவைக் கேட்டீர்களா?" என்று முடித்திருந்தாள்.

எனக்குக் கோபம் வந்தது. உடனே இரண்டு காதிலும் மாட்டிக்கொண்டு கேட்டேன். மங்கலாகத்தான், ஆனால் அடிகள் இருந்தன. படைப்பவருக்குத் தெரியாமலே படைப்பில் ஒன்று நுழைந்துவிடலாம் என்று வகுப்பில் படித்திருக்கிறேன். அவளுக்குப் பதில் எழுத முடிவு செய்தேன். எந்த நிமிடம், எந்த நொடியில் எந்த அடி விழுகிறது என்று அட்டவணையாகக் குறித்து அனுப்பிவிட்டால் பேச்சே இருக்காது.

இரண்டு நாள் கழித்து, கல்லூரியிலிருந்து வந்ததும் நோட்டில் கோடு போட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வழக்கம்போல் வலது காது மட்டும். பாட்டைத் தொடங்கினேன். முதல் வரி முடிந்தது. பேனாவைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். ஒன்றும் விழவில்லை. இரண்டாம் வரி. ஒலியைக் கூட்டினேன். இரண்டாம் வரிக்கும் மூன்றாம் வரிக்கும் நடுவில் நீண்ட இடைவெளி இருந்தது. அப்படி ஓர் இடைவெளி இருப்பதே அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அந்த இடைவெளியில் தெருவில் ஒரு காகம் கரைந்தது. பேனாவை நோட்டின் மேல் வைத்துவிட்டேன்.

அன்று அமாவாசை. எங்கள் தெருவில் அமாவாசையன்று தறி ஓட்ட மாட்டார்கள். அம்மாவும் அக்காவும் படையல் வேலையில் இருந்தார்கள். அக்காவின் தறிகள் நான்கு.

பிறந்ததிலிருந்து கேட்டுவரும் சத்தத்தை என் காது சத்தமென்றே எண்ணாமல் இருந்திருக்கிறது. ராப் தொகுப்பையும் எடுத்துக் கேட்டேன். குரலுக்குப் பின்னால் இரைச்சல் இல்லை. பாடகனின் கோபம் தெளிவாக, தன் முழு உயரத்துக்கு நின்றது. அவனுக்கு நான் செய்தது அநியாயம். பாடகிக்குச் செய்தது அதைவிட மோசமானது. அவளிடம் இல்லாத ஒன்றுக்காக அவளைக் கொண்டாடி, அவள் ஓராண்டு உழைத்து உண்டாக்கிய வெறுமையை மூடி வைத்திருந்தேன்.

பாட்டை மறுபடி கேட்டேன். துணைக்கு யாரும் நடந்து வரவில்லை. அவள் தனியாகவே போனாள். அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது சிரமமாக இருந்தது, பாதியில் ஒருமுறை நிறுத்தினேன்.

ஆசிரியரை அழைத்துச் சொன்னேன். தறியை விளக்கவே நேரம் பிடித்தது.

"நீங்க சொல்லலன்னா யாருக்குத் தெரியப் போவுது?" என்றார்.

"பாடினவங்களுக்குத் தெரியும் சார்."

"அந்த வரிய மட்டும் எடுத்துட்டா?"

"அத எடுத்தா கட்டுரையில ஒண்ணும் இல்ல சார்."

"சரி, இப்போ சொல்லுங்க, பாட்டு நல்லா இருக்கா?"

"தெரியல சார். இன்னைக்குத்தான் கேட்டிருக்கேன்."

மலர் என் கட்டுரை இல்லாமல் வந்தது. ஆசிரியர் ஒரு பிரதி அனுப்பியிருந்தார். அப்பா அதைப் புரட்டிப் பார்த்து, "இன்னாம்மா, காலேஜ் புஸ்தகமா?" என்றார். ஆமாம் என்று வாங்கி அலமாரியில் வைத்தேன்.

இணையத்தில் என் திருத்தம் வெளியானது: பாட்டில் இல்லாததைக் கேட்டேன், இருந்ததைக் கேட்கவில்லை, இருந்தது என்னை அச்சப்படுத்தியது. ராப் தொகுப்புக்கும் இரண்டு வரி சேர்த்திருந்தேன். பாடகி பதில் எழுதவில்லை. மூன்றாம் முறை அடிகள் கேட்டதாக முன்பு எழுதிய வாசகர் மட்டும், தனக்கு இன்னும் கேட்கிறது, நான் அவசரப்பட்டுப் பின்வாங்கிவிட்டேன் என்று எழுதினார்.

இப்போது மாதத்தில் ஒருநாள்தான் கேட்கிறேன். ஒவ்வொரு விமர்சனத்தின் அடியிலும், அமாவாசையன்று தறி நின்றிருந்தபோது கேட்டது என்று ஒரு வரி இருக்கும். வெளியூர் வாசகர்கள் அதை ஏதோ நேர்த்திக்கடன் என்று நினைத்துக்கொள்கிறார்களாம். அன்றைக்கு மட்டும் இரண்டு காதிலும் மாட்டிக்கொள்கிறேன், கதவையும் சாத்திவிடுகிறேன்.

சென்ற அமாவாசையன்று ஒரு வயலின் தொகுப்பு. ஒன்பது பாட்டையும் கேட்டு முடித்து, குறிப்பெடுத்து, கதவைத் திறந்தபோது வாசற்படியில் வாழையிலை மூடிய தட்டு இருந்தது. இலைக்கு அடியில் நான்கு வடைகள், ஆறிப்போய். எறும்பு வரிசை கட்டியிருந்தது.

சாயங்காலம் அம்மா கேட்டாள். "அக்கா கதவத் தட்டி எவ்ளோ நேரம் கூப்டுகினே இருந்தாங்க தெரியுமா? மார்க்கு போடுற அம்மா, வடை ஆறுது வான்னு. உனக்குக் கேக்கலியா?"

"கேக்கலம்மா" என்றேன்.