தேரில் மிஞ்சிய சிவப்பு டீசல்

தொண்ணூறுகளில் லண்டனில் எங்கள் கோயில் தேர்த் திருவிழாவுக்கு ஜெனரேட்டர் எடுத்து, அதற்கு வரி குறைந்த சிவப்பு டீசல் வாங்கினோம். அதை வீதியில் ஓடும் வாகனத்துக்கு ஊற்றக்கூடாது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும், சாமான் ஏற்றி உதவிய மரக்கறி வியாபாரி சிவத்தின் வேனுக்கு, மிஞ்சியதை அவரிடம் சொல்லாமல் ஊற்றினேன். நன்மை செய்வதாகவே நினைத்தேன்.

சில நாட்களில் சுங்க அதிகாரிகள் வேனை மறித்து, டீசலைச் சோதித்து, சிவப்புச் சாயத்தைக் கண்டு, வேனையே கொண்டுபோனார்கள். அவருடைய பிழைப்பே அதுதான்.

“அண்ணை, நான் பெற்றோல் ஷெட்டிலதானே அடிக்கிறனான்! ஆரோ சூனியம் வைச்சிட்டாங்கள்,” என்றார்.

“ஓம், இருக்கும்,” என்றேன். சூனியம் கழிக்க வெட்டும் எலுமிச்சைக்கு எங்கள் ஊரில் தேசிக்காய் என்று பெயர்; அதையும் நானே வாங்கிக் கொடுத்தேன்.

இப்போது யாருக்கும் அவர்களைக் கேட்காமல் உதவி செய்வதில்லை. இதை எழுதி உங்களுக்கு அனுப்புமுன் சிவத்துக்கு வாசித்துக் காட்டினேன். கடைசிவரை கேட்டுவிட்டு, “தேசிக்காய் வாங்கேக்கையாவது சொல்லியிருக்கலாமே, அண்ணை,” என்றார்.