தேங்காய்ப்பாலில் இறங்கிய சுகாதாரப் பாடம்

மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வந்த வருடத்துத் தீபாவளிக் காலையில் எங்கள் வீட்டில் நடந்தவை, நடந்த வரிசையில்:

1. எண்ணெய் தேய்த்துக் குளித்து, புதுப் பாவாடை கட்டிக்கொண்டு, சுகாதாரப் பாடக் குறிப்பை நகல் தட்டு என்று நான் நினைத்ததன்மேல் கவிழ்த்து ஒட்டினேன்.

2. மை இறங்கப் பத்து நிமிடம் ஆகும் என்று வாசலுக்குப் போனேன்.

3. அம்மா அந்தத் தட்டை, ஒட்டிய தாளோடு, தூக்கிக்கொண்டுபோய் விருந்தாளிகள் முன் வைத்தார். ஈ மொய்க்காமலிருக்க யாரோ தாளால் மூடியிருக்கிறார்கள் என்று அவர் நினைப்பு.

4. தாளை உரித்தார்.

5. அம்மா கிண்டிய கடற்பாசி அகர் அகர் இனிப்பின்மேல் ஊதா நிறத்தில் ஒரு மனித இதயம் இருந்தது. நான்கு அறைகள், இரத்தக் குழாய்கள், சுற்றிலும் நெருக்கமாக எழுத்துகள். எல்லாம் இடம் வலமாக மாறியிருந்தன.

6. “யாரும் தொடாதீங்க!” என்று அண்ணி குரல் கொடுத்தார். கல்யாணமாகி வந்த ஒன்றரை வருடத்தில் அண்ணி அப்படிக் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை.

எதையும் இப்படி எண் போட்டு எழுதும் பழக்கம் எனக்குத் தண்ணீர்ப் பரிசோதனைக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்த பிறகு வந்தது என்று கூட வேலை செய்பவர்கள் நினைக்கிறார்கள். உண்மையில் அது அண்ணியிடமிருந்து ஒட்டிக்கொண்டது. ரப்பர்த் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஏழாம் வகுப்பு முடித்தவர் அவர். மலாக்காவில் கஜா பெராங்கில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்தபோது அவருக்குப் பத்தொன்பது வயது. தமிழ்ப் பள்ளிகளுக்கு ஆசிரியர்கள் தேவை, பயிற்சிக்கு நுழைவுத் தேர்வு வைக்கிறார்கள், வெளியிலிருந்தும் எழுதலாம் என்று தெரிந்த அன்றே அவர் ஒரு தாளை எடுத்து ஆறு பாடங்களின் பெயரை எழுதினார். தமிழ், கணக்கு, பூகோளம், சரித்திரம், சுகாதாரம், மலாய். பிறகு ஒவ்வொன்றுக்கும் எதிரில் ‘புத்தகம் இல்லை’ என்று எழுதினார்.

பக்கத்தில் செமாபோக்கிலும் பண்டார் ஹிலிரிலும் இன்னும் ஐந்து பெண்கள் அதே தேர்வுக்குத் தயாராகிறார்கள் என்று கோயிலில் வைத்துத் தெரிந்தது. ஆளுக்கு ஒரு பாடம் என்று பிரித்துக்கொண்டார்கள். கிடைத்த புத்தகத்தை இரவல் வாங்கி, குறிப்பெடுத்து, ஆறு பிரதி போட வேண்டியது. ஆறு முறை கையால் எழுதினால் விரல் ஒடிந்துவிடும். அங்கேதான் நான் உள்ளே வந்தேன். அப்போது எனக்குப் பதினேழு வயது. அகர் அகரைக் கிளிசரின் கலந்து காய்ச்சித் தட்டில் ஊற்றினால் நகல் எடுக்கலாம் என்று பள்ளியில் விஞ்ஞான டீச்சர் செய்து காட்டியிருந்தார். ஊதா மையால் எழுதிய தாளை அந்தப் பாளத்தின்மேல் கவிழ்த்தால் மை அதற்குள் இறங்கும். பிறகு வெற்றுத் தாள்களை ஒவ்வொன்றாக ஒட்டி எடுத்தால் எழுத்து நேராக வந்துவிடும். முதல் பிரதி உரிந்து வந்த அன்று நானும் அண்ணியும் சமையலறையில் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு குதித்தோம். “மருதாணி வெக்கிற கையில மையப் பாரு” என்றார் அம்மா. ஆனால் மறுநாள் தானே கடைக்குப் போய் இன்னொரு கட்டு அகர் அகர் வாங்கி வந்தார்.

அண்ணியின் குறிப்புகளை இப்போது நினைத்தாலும் எனக்குப் பரபரப்பாக இருக்கிறது. மற்றவர்கள் எடுத்தனுப்பும் பாடங்களையும் அவரே சுருக்கி, நகலுக்காகத் திரும்ப எழுதுவார். அவர் வாக்கியம் ஒன்றரை வரியைத் தாண்டாது. ரப்பர், ஈயம், நெல்: எங்கே கிடைக்கிறது, ஏன் அங்கே, எப்படிக் கப்பலேறுகிறது, அவ்வளவுதான். சரித்திரத்தில் போர்த்துக்கீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் மூவருக்கும் மூன்று பத்திகள். நான்காவது பத்திக்குத் தலைப்பு ‘நாம்’. அதைக் காலியாக விட்டிருந்தார். “இன்னும் புத்தகத்துல வரலியே, என்ன எழுதுறது?” என்றார்.

அந்தத் தீபாவளிக்கு முன் ஒரு சிக்கல். பொதுப்பணி இலாகாவில் இருந்த அண்ணனுக்கு ஜனவரியில் கிழக்குக் கரை மெர்சிங்குக்குப் போகும்படி மாற்றல் வந்தது. அங்கே பயிற்சி வகுப்பு கிடையாது. அண்ணி தேறினால் பயிற்சி முடியும்வரை எங்களோடு மலாக்காவில் இருப்பது, தேறாவிட்டால் பெட்டியைக் கட்டிக்கொண்டு அண்ணனோடு போவது என்று இருவருமாக முடிவெடுத்தார்கள். ஆகவே அண்ணிக்கு இருந்தது அந்த ஒரு தேர்வுதான். தீபாவளிக்கு மூன்று வாரம் கழித்துத் தேர்வு. ஐந்து பாடங்கள் எல்லோர் கைக்கும் போய்விட்டன. ஆறாவதான சுகாதாரம் அண்ணியின் பங்கு. இரவல் புத்தகத்தின் சொந்தக்காரி சிங்கப்பூருக்கு ரயிலேறிவிட்டாள். முன்னும் பின்னுமாக இரண்டு பக்கத்திலும் பொடி எழுத்தில் அண்ணி எழுதிவைத்த அந்த ஒரு தாள்தான் ஆறு பேருக்கும் பாடம்.

அதைத்தான் நான் இனிப்பின்மேல் ஒட்டினேன். எங்கள் வீட்டில் இரண்டு எனாமல் தட்டுகள், ஒரே அளவு, ஒரே நீல விளிம்பு. ஜன்னலோரம் நகல் தட்டின் இடம். தேங்காய்ப்பால் ஊற்றிய இனிப்பு சீக்கிரம் உறையட்டும் என்று அம்மா அதைக் காற்றுப்படும் அந்த இடத்தில் வைத்து, நகல் தட்டை மேசைக்கடியில் தள்ளியிருந்தார். விருந்தாளிகள் வருவதற்குள் ஒரு பக்கத்தையாவது எடுத்துவிடலாம் என்ற அவசரத்தில் நான் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

கூடத்தில் முதலில் வாய் திறந்தவர் நாங்கள் பீபிக் என்று கூப்பிடும் பக்கத்து வீட்டுப் பெரியம்மா. மலாக்காச் செட்டிக் குடும்பம், பல தலைமுறைக்கு முன் இங்கே வந்து தங்கிய தமிழ் வம்சம். வீட்டில் மலாய்தான் பேசுவார்கள். “அலாமாக்!” என்று கன்னத்தில் கை வைத்து, இது தின்பதற்கா, படிப்பதற்கா என்று மலாயில் கேட்டார். அண்ணனின் அலுவலக நண்பர்கள் சிரித்து உருண்டார்கள். “வாங்க வாங்க, என் வீட்டுக்காரி இதயம். ஆளுக்கு ஒரு துண்டு எடுத்துக்கங்க” என்றார் அண்ணன். “தீபாவளியும் அதுவுமா என் மானமே போச்சு” என்று அம்மா தட்டைத் தூக்கப் போனார். அப்போதுதான் அண்ணி குரல் கொடுத்தது.

அம்மா கையிலிருந்த தாளை வாங்கிப் பார்த்தேன். தேங்காய்ப்பாலில் ஊறி, நடுவில் கிழிந்து, பின்பக்கத்து எழுத்தும் சேர்ந்து கரைந்திருந்தது. “அண்ணி, நான்தான்...” என்று ஆரம்பித்தேன்.

“அழுவுறத பெறகு வெச்சுக்கலாம். பேனா எடு. அத்தை, அவரு ஷேவ் பண்ற கண்ணாடி எங்க?”

கண்ணாடியை பீபிக் பிடித்துக்கொண்டார். அதில் பார்த்தால் எழுத்து நேராகத் தெரிந்தது. அண்ணி புதுச்சேலையோடு தரையில் மண்டியிட்டு வாசிக்க, நான் எழுதினேன். நகல் பாளம் மையை அப்படியே பிடித்து வைத்துக்கொள்ளும். தேங்காய்ப்பாலில் அது நிற்காமல் பரவிக்கொண்டிருந்தது. “வலது மேலறை. அசுத்த ரத்தம் வர்ற எடம். எழுதிட்டியா? வேகமா புள்ள, கீழ்வரி ஓடுது!” நண்பர்கள் முட்டி போட்டு எட்டிப் பார்த்தார்கள். ஒருவர், “அக்கா, எடது ஓரம் போவுது, அத மொதல்ல புடிங்க!” என்று பந்தாட்டம் பார்ப்பவர்போலக் கூவினார். பீபிக் கண்ணாடியை இடது ஓரத்துக்கு நகர்த்தினார். அண்ணி நிறுத்தாமல் சொன்னார். இதயம் முடிந்து நுரையீரல் வந்தது. அதற்குப் பிறகு கொசு, அதன் நான்கு பருவங்கள், சாக்கடையில் எண்ணெய் ஊற்றுவது ஏன், கிணற்று நீரைக் கொதிக்கவைப்பது எப்படி. என் பேனா ஓடியது. மூன்றாவது தாளைத் திருப்பினேன்.

“நிறுத்து நிறுத்து” என்றார் அண்ணன். “தட்டுல ஒண்ணுமே இல்லியே, எதப் பாத்துச் சொல்லிக்கிட்டிருக்க?”

நான் நிமிர்ந்து பார்த்தேன். தட்டு முழுவதும் ஒரே ஊதாக் குளம். பீபிக் கண்ணாடியை எப்போதோ மடியில் வைத்துவிட்டார். அண்ணியின் கண்கள் மூடியிருந்தன. திறந்து தட்டைப் பார்த்தார், என் கையிலிருந்த தாள்களைப் பார்த்தார்.

“கொசு பின்பக்கத்துல இருந்துச்சே,” என்றார் மெல்ல. “அது தட்டுல எறங்கவே இல்லியே.”

பிறகு அண்ணன் அண்ணியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். “அப்ப நான் மெர்சிங்ல தனியாத்தான் சமைச்சுத் திங்கணும்போல” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அண்ணி சிரிக்கவில்லை. அவர் முகம் சிவந்திருந்தது. “மிச்சத்த எழுது புள்ள. இன்னும் பல்லு இருக்கு” என்றார்.

சாயங்காலமே சரியான தட்டில் ஆறு பிரதி எடுத்தேன், இம்முறை தொட்டுப் பார்த்துவிட்டு. தேர்வில் இதயத்தைப் பற்றி ஒரு கேள்விகூட வரவில்லை. கொசுவும் பல்லும் வந்தன. ஆறு பேரில் நான்கு பேர் தேறினார்கள். அண்ணியின் பெயர் மூன்றாவதாக இருந்தது. ஜனவரியில் அண்ணன் மட்டும் பஸ் ஏறினார். அன்று பஸ் நிலையத்தில் அண்ணி எதையும் எழுதவில்லை, எண்ணவில்லை. பஸ் திரும்பும்வரை நின்றார்.

அண்ணிக்கு இது மூன்று வருடப் பயிற்சியின் கடைசி வருடம். காலையில் மூன்றாம் வகுப்புக்குப் பாடம் நடத்துகிறார், வாரக் கடைசியில் பயிற்சி வகுப்புக்குப் போகிறார். அண்ணன் மாதம் ஒருமுறை வந்துபோகிறார். மலாக்காவுக்கே மாற்றல் கேட்டு எழுதிப் போட்டிருக்கிறார். இன்னும் பதில் வரவில்லை.