எங்கள் வீட்டு சிடி டிரைவை நான் கெடுக்கவில்லை

இத்தனை வருஷம் கழித்தும் சொல்கிறேன், அந்த டிரைவை நான் கெடுக்கவில்லை. முறுக்குத் தூளை உள்ளே கொட்டிவிட்டேன் என்று அன்று என்மேல் போட்டது வீண்பழி.

காலடிப்பேட்டையில் எங்கள் தெருவிலேயே கம்ப்யூட்டர் இருந்தது எங்கள் வீட்டில்தான். கம்ப்யூட்டர் கிளாஸ் முடித்த அக்காவுக்காக அப்பா வாங்கியது. அவளைத் தவிர யாருக்கும் அதை முழுசாக ஓட்டத் தெரியாது. அப்போது அவளை மஸ்கட் மாப்பிள்ளை ஒருவருக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் அக்காவின் படங்களை சிடியில் கேட்டிருந்தார்கள். கொருக்குப்பேட்டையில் தங்கியிருந்த அவர்கள் ஆள் மறுநாள் மஸ்கட்டுக்கு விமானம் ஏறுகிறார். அதற்குள் அவரிடம் கொண்டுபோய்ச் சேர்க்காவிட்டால் வேறு இடம் பார்த்துவிடுவார்கள்.

டிரைவில் சினிமா சிடி போட்டால் ஓடியது. காலி சிடி போட்டால் மட்டும் உள்ளே ஒன்றுமே இல்லை என்று சாதித்தது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற எங்கள் தாய்மாமா பஞ்சால் துடைத்தார், ஊதினார், ஏழு சிடிகளை மாற்றிப் போட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“இன்னாத்தடி உள்ள போட்ட?”

“நான் ஒண்ணியும் போடல மாமா.”

“முறுக்கு துன்னுகினே இத்தாண்டதான குந்தினு இருந்த?”

அம்மா முதுகில் ஒன்று வைத்தாள். அக்கா பக்கத்திலேயே நின்றாள். எனக்காக ஒரு வார்த்தை பேசியிருக்கலாம், பேசவில்லை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. எல்லோரும் அலுத்து எழுந்து போனதும் உட்கார்ந்தேன். பள்ளியில் சொல்லித்தந்தபடி மவுஸின் வலது பொத்தானை அழுத்தி, டிரைவைப் பற்றி வந்ததையெல்லாம் எழுத்துக் கூட்டிப் படித்தேன். இந்த டிரைவில் பதிவு செய்ய அனுமதி என்று ஆங்கிலத்தில் ஒரு வரி இருந்தது. அதன் கட்டத்தில் டிக் இல்லை. டிக் போட்டேன். காலி சிடியை டிரைவ் ஏற்றுக்கொண்டது.

படங்களை அக்காவையே பதிவு செய்ய வைத்தார்கள். மாமா சிடியோடு பறந்தார். என்னை அடித்தது தப்பு என்று சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. அக்கா மட்டும் என்னிடம் வந்தாள். “உன்ன யாருடி அத்த நோண்ட சொன்னது?” என்று கேட்டவள், அப்புறம் ஒரு வாரம் பேசவில்லை. நன்றி கெட்டவள் என்று நானும் பேசவில்லை.

தை மாதம் கல்யாணம். என்னால்தான் நடந்தது என்று பந்தியில் எல்லோரிடமும் பெருமையடித்தேன். அந்த டிக் தானாகப் போகாது, யாராவது எடுத்தால்தான் போகும் என்பது பதினோரு வயதில் எனக்கு உறைக்கவில்லை. மாப்பிள்ளையைப் பிடித்திருக்கிறதா என்று அக்காவை எங்கள் வீட்டில் யாருமே கேட்கவில்லை. கெட்டிக்காரி என்று பெயர் வாங்கிய நானும் கேட்கவில்லை.