எலுமிச்சம்பழத்துக்கு முன் சாவியை எடுங்கள்

ஆடி இரண்டாம் வெள்ளி, காலை ஆறேகால் மணி, விடாத தூறல். மாவ்பியில் எங்கள் தோட்டப் பாதையில் மழைச்சேறு ஒதுக்க, ஜப்பானில் பனி தள்ளிய பழைய சின்ன டிராக்டர் ஒன்றை வாங்கியிருந்தேன். பர்மிய வழக்கப்படி மரியாதைக்கு ‘கோ’ சேர்த்து நாங்கள் அழைக்கும் மெக்கானிக் கோ செல்வம் எஞ்சினைப் பழுது பார்த்து, முன்பக்கத் தகட்டை அகலமாக்கிக் கொண்டுவந்தார்.

பூசையின்போது எஞ்சின் ஓடவேண்டும் என்பது எங்கள் வழக்கம். அவர் கியரைப் போட்டு, கிளட்சை மிதித்தபடி உட்கார்ந்திருந்தார். என் மனைவி முன்சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைக்கக் குனிந்தாள்.

“கோ செல்வம், தேங்காயை நீங்களே உடைங்க,” என்றேன். அவர் மறதியாகக் கிளட்சை விட்டு இறங்கிவிட்டார். வண்டி பாய்ந்தது. மனைவி கைலிபோல் உடுத்தியிருந்த தமேனின் ஓரத்தில் சக்கரம் ஏறியது. தகடு வாசல் கல்லில் முட்டி எஞ்சின் நின்றதால் கால் தப்பியது.

“ஆள் இறங்கினா எஞ்சினை நிறுத்துற சுவிட்ச் சீட்டடியில இருக்குமே, எங்கய்யா?” என்று கத்தினேன்.

“குலுங்குறப்பல்லாம் அணையுது ஊலே,” என்று பர்மிய மொழியில் என்னை மாமா என்றழைத்தார் அவர். “சுவிட்சைத் தாண்டி ஒயரை முறுக்கி விட்டுட்டேன்.”

“வண்டிக்குப் பூசையா, எனக்குக் காரியமா?” என்றாள் மனைவி.

உயிர் காக்க வைத்ததைத் தொந்தரவு என்று நீக்கிவிட்டு, ஒரு வார்த்தை சொல்லவில்லை! கோபம் இன்னும் ஆறவில்லை. இப்போது பழுது பார்த்து வரும் வண்டியில் முதலில் சீட்டைவிட்டு எழுந்து, எஞ்சின் நிற்கிறதா என்று பார்க்கிறேன். சாவி என் சட்டைப்பைக்கு வந்த பிறகே பழம் சக்கரத்தடிக்குப் போகிறது. புதிய சுவிட்ச், வேறொரு மெக்கானிக்கின் கூலியோடு, முப்பத்தெட்டாயிரத்து ஐந்நூறு கியாட்.